மழைக்குப் பின் மேய்ச்சலைத் தொடங்குவது குறித்து

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். முதல் மழையில் நிலம் பச்சை கட்டியவுடன் மந்தையை உள்ளே விடத் தோன்றும். மழை தள்ளிப்போன ஆண்டில் அந்த அவசரம் இன்னும் கூடும். ஆயினும் சற்றுப் பொறுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வறட்சியில் காய்ந்த புல், வேரிலும் தூரடியிலும் சேர்த்துவைத்த சத்தைச் செலவிட்டே புதிய இலை விடுகிறது; அந்த இலைகள் விரிந்து வேருக்குத் திரும்ப ஊட்டும் முன்பே மீண்டும் மீண்டும் கடிபட்டால், தூர் மெலிந்து, அவ்விடத்தைக் கால்நடை தொடாத களையும் முட்செடியும் பிடித்துக்கொள்ளும். ஒரு கைப்பிடிப் புல்லை மேய்வது போல் இழுத்துப் பாருங்கள்: இலை மட்டும் அறுந்தால் வேர் ஊன்றியிருக்கிறது, தூரோடு வந்தால் அப்பகுதிக்கு இன்னும் ஓய்வு வேண்டும்.

மேய்ந்த பின் ஏறத்தாழப் பாதிப் புல்லாவது நிற்கட்டும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியே நிலம் முதலில் மொட்டையாகும் என்பதால், கால்நடை நக்க வைக்கும் உப்புக்கட்டியைத் தொட்டியிலிருந்து தள்ளி வையுங்கள்.

மழை பொய்க்கும் எனத் தெரிந்தால் மந்தையைக் குறைக்கும் முடிவைத் தள்ளிப்போடாதீர்கள். அது மனதுக்குக் கடினம்தான். ஆனால் எலும்பு தெரியத் தொடங்கிய மாட்டுக்கு நல்ல விலை கிடைக்காது. வயதானவற்றையும் சினை பிடிக்காதவற்றையும் முதலில் கழியுங்கள்.

எந்தப் பகுதியை எப்போது மூடுகிறீர்கள் என்பதைக் குழுவில் பதிவிட்டால், அருகில் மேய்ப்பவர்களும் அதற்கேற்பத் திட்டமிட முடியும்.