வளர்ச்சித் தாமதத்தை ஒற்றை மதிப்பெண்ணால் தீர்மானிக்காதீர்கள்

ஆரம்பகாலத் தலையீட்டுச் சேவைகளுக்கான தகுதி விதிகளை வகுக்கும் அலுவலர்களுக்கும், அவ்விதிகளின்படி சான்று வழங்கும் மதிப்பீட்டுக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

சிறு குழந்தைகளின் வளர்ச்சியை மதிப்பிடும் பணியில் இருப்பவள் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். மூன்று வயது நிரம்பாத ஒரு குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சியோ இயன்முறைப் பயிற்சியோ கிடைக்குமா என்பதை, தரப்படுத்தப்பட்ட சோதனை ஒன்றில் அக்குழந்தை ஒரே அமர்வில் பெறும் மதிப்பெண் முடிவுசெய்யும் நிலை பல இடங்களில் இருக்கிறது. சோதனைகளை நான் எதிர்க்கவில்லை. அவை இல்லாமல் என் வேலை நடக்காது. ஆனால் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றால் உதவி உண்டு, ஒரு புள்ளி மேலே நின்றாலும் இல்லை என்று கோடு கிழிக்கும் விதி, அந்தச் சோதனைகளால் தாங்க முடியாத பாரத்தை அவற்றின் தலையில் ஏற்றுகிறது. அந்த விதியை மாற்றித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

விதி எங்கே பிசகுகிறது என்பது அந்தச் சோதனைகளின் கணக்கிலேயே தெரிகிறது. சிறு குழந்தைகளின் வளர்ச்சியை அளக்கும் பெய்லி அளவுகோல் போன்றவற்றில் சராசரி மதிப்பெண் 100, திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக விலகி நிற்கும் அளவு, 15. சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் தாழ்ந்திருக்க வேண்டும் என்று விதித்தால் 70க்குக் கீழே பெறுவோர் மட்டுமே தகுதி பெறுவர். அவர்கள் அந்த வயதினரில் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகம். ஒன்றரை விலக்கம் போதும் என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேர் வருவார்கள். இந்த எல்லையை எங்கே வைப்பது என்பதில் நிதிக்கும் ஆள்பலத்துக்கும் பங்கு உண்டு என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. குறை என்னவென்றால், மதிப்பெண்ணில் இல்லாத துல்லியத்தை அதில் இருப்பதாக விதி எடுத்துக்கொள்கிறது. நம்பகத்தன்மைக் கெழு (முடிவு எவ்வளவு மாறாமல் வரும் என்பதைக் காட்டும் எண், உச்சம் 1) 0.90 உள்ள சோதனையை நல்ல சோதனை என்றே எவரும் சொல்வர். அதிலும் அளவீட்டுப் பிழை ஏறத்தாழ 5 புள்ளிகள். இருபுறமும் அதன் இருமடங்கு வரை இடம் விட்டுப் பார்த்தால், 74 பெற்ற குழந்தையின் உண்மை நிலை 65க்கும் 83க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அந்தக் குழந்தையின் கோப்பில் "தகுதி இல்லை" என்று எழுதிக் கையெழுத்திடுகிறோம்.

வயதுப் பட்டியல்களும் இதே விதமான சிக்கலைத் தருகின்றன. குழந்தை சரியாகச் செய்தவற்றின் எண்ணிக்கையை அதன் வயதுக்குரிய பட்டியலில் பார்த்தே மதிப்பெண் எடுக்கிறோம். ஒரு வயதுப் பிரிவின் கடைசி நாளில் வந்த குழந்தையும், அடுத்த பிரிவின் முதல் நாளில் வந்த குழந்தையும் அச்சுப் பிசகாமல் ஒன்றையே செய்திருந்தாலும் வெவ்வேறு மதிப்பெண் பெறுவார்கள். பிரிவுகள் அகலமாக இருக்கும் சோதனைகளில் இந்த வேறுபாடு, உதவி கிடைப்பதையும் கிடைக்காததையும் மாற்றிவிடப் போதுமானது. அதாவது முன்பதிவுத் தேதி எந்த நாளில் விழுந்தது என்பதுகூடத் தகுதியைத் தீர்மானித்துவிடுகிறது.

எந்தப் பதிப்பு கையில் இருக்கிறது என்பதும் முடிவை மாற்றுகிறது. பெய்லியின் இரண்டாம் பதிப்பு 1993இல் வந்தது. மூன்றாம் பதிப்பு 2006இல். மூன்றாம் பதிப்பு முந்தையதைவிடக் கூடுதலாக மதிப்பெண் தருகிறது என்பது விரைவிலேயே தெரியவந்தது. மிகக் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவந்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், அது தாமதத்தைக் குறைத்துக் காட்டுவதாக 2010இல் வெளிப்படையாகவே எச்சரித்தார்கள். நான்காம் பதிப்பு 2019இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் 70 என்ற எல்லையை அப்படியே வைத்துக்கொண்ட இடங்களில், குழந்தைகள் மாறாமலே தகுதி பெறுவோர் குறைந்திருப்பார்கள். பிழை எதிர்த்திசையிலும் நேர்கிறது. மிகக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், 20 மாதத்தில் இரண்டாம் பதிப்பில் 70க்குக் கீழே பெற்றவர்கள் 39 விழுக்காடு. எட்டு வயதில் அறிவுத்திறன் சோதனையில் 70க்குக் கீழே இருந்தவர்கள் 16 விழுக்காடு மட்டுமே. சிறு வயது மதிப்பெண்ணை எதிர்காலத்தைச் சொல்லும் எண்ணாகப் பெற்றோரிடம் கொடுக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இனி, சோதனை அறைக்குள் நடப்பதைச் சொல்கிறேன். இரண்டு வயதை நெருங்கும் ஒரு குழந்தைக்கு முன்னால் சிறு கட்டைகளை வைத்து, கோபுரம்போல் அடுக்கிக் காட்டுகிறோம். குழந்தை உற்றுப் பார்க்கிறது, சிரிக்கிறது, பிறகு ஒவ்வொரு கட்டையாக எடுத்துப் போய்த் தன் தாயின் மடியில் வைக்கிறது. கையேடு அனுமதிக்கும் வாய்ப்புகள் முடிந்ததும் அந்த இடத்தில் 0 போட வேண்டும். முடியாததால் வந்த சுழியும், விருப்பமில்லாததால் வந்த சுழியும், அறிமுகமில்லாத முகத்தைக் கண்டு ஒடுங்கியதால் வந்த சுழியும் கூட்டுத்தொகையில் ஒன்றாகவே கரைந்துவிடுகின்றன. அன்றைக்குச் சளி பிடித்துக் காது அடைத்திருந்தாலும், தூங்கும் நேரத்தில் அழைத்து வரப்பட்டிருந்தாலும், வீட்டில் பேசும் மொழி வேறு சோதனையின் மொழி வேறு என்றிருந்தாலும் அப்படித்தான்.

இதற்கு நேர்மாறானதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று, படங்களைக் காட்டக் காட்டத் தடுமாறாமல் பெயர் சொல்கிறது: நாய், குடை, கடிகாரம், பேருந்து. அதே குழந்தைக்குத் தாகம் எடுத்தால் "தண்ணி" என்று கேட்கத் தெரியவில்லை. தாயின் மணிக்கட்டைப் பிடித்துக் குவளை இருக்கும் இடத்துக்கு இழுத்துப் போகிறது, முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. சொற்களை அறிந்திருக்கிறது, ஆனால் இன்னொருவரிடம் எதையும் சொல்வதற்காக அவற்றை எடுத்தாள்வதில்லை. மொழிப் பகுதியில் அதற்குக் கிடைக்கும் மதிப்பெண் சராசரியை ஒட்டி வந்துவிடக்கூடும். உங்கள் விதிப்படி அது தகுதியற்ற குழந்தை. அதன் தாய் "இவன் என்னோட பேசறதே இல்லை" என்று சொல்லும்போது, அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் சோதனைத் தாள் முழுவதிலும் இல்லாத செய்தி இருக்கிறது. அதை எழுதிக்கொள்ளப் படிவத்தில் இடம் இருக்கிறது. முடிவில் அதற்கு எடை இல்லை.

முன்சோதனைகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1967இல் அறிமுகமான டென்வர் சோதனையும் பெற்றோரே நிரப்பும் வினாத்தாள்களும், யாரை மேலும் ஆராய வேண்டும் என்று பிரித்துக் காட்டுவதற்காக உருவானவை. தாமதம் உண்டு அல்லது இல்லை என்று சான்று தருவது அவற்றின் வேலை இல்லை. ஆயிரம் குழந்தைகளில் நூறு பேருக்குத் தாமதம் இருப்பதாகவும், தாமதம் உள்ளவர்களிலும் இல்லாதவர்களிலும் 80 விழுக்காட்டினரைச் சோதனை சரியாகச் சொல்வதாகவும் வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்: உண்மையில் தாமதம் உள்ள 80 பேரோடு, இல்லாத 180 பேரையும் அது சுட்டிக்காட்டும், 20 பேரைத் தவறவிடும். அந்த 180 பேரை வீண் செலவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். தவறாகச் சுட்டப்பட்ட குழந்தைகள், சுட்டப்படாதவர்களைவிடப் பொதுவாகப் பின்தங்கியே இருந்தார்கள் என்று 2001இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவர்களும் கவனிக்க வேண்டியவர்களே. தவறவிடப்பட்ட 20 பேருக்கு மறுபடியும் ஒரு வாய்ப்பு வேண்டும். முன்சோதனையை ஒரே தடவையோடு நிறுத்தாமல் 9, 18, 30 மாதங்களில் திரும்பத் திரும்பச் செய்யுமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2006இலேயே பரிந்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, சோதனைகளை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்தே முடிவுசெய்யலாமே என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். "பொறுத்துப் பாருங்கள், தானாகப் பேசிவிடும்" என்று சொல்லிப் பெற்றோரைத் திருப்பி அனுப்பும் வழக்கத்தை உடைத்ததில் இந்தச் சோதனைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இயல்பான வளர்ச்சியின் வீச்சு எவ்வளவு அகலமானது என்பதையும் அளவீடுகள்தாம் நமக்குக் காட்டின. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, நலமான குழந்தைகள் தனியே நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிகிறது. நூற்றுக்கு நான்கு பேர் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழாமலே நடந்துவிடுகிறார்கள். அனுபவத்தை மட்டும் நம்பும் கண்ணுக்கு இந்த வீச்சு பிடிபடாது.

ஆகவே நான் கேட்பது சோதனையை ஒரு சான்றாக வைத்துக்கொண்டு, மற்றச் சான்றுகளுக்கும் உரிய எடையைத் தரும் விதியை. அப்படி ஒரு விதி நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஆரம்பகாலத் தலையீட்டுச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிமுறைகளில் இது ஏற்கெனவே இருக்கிறது: சோதனை மதிப்பெண் தகுதியைக் காட்டாவிட்டாலும், பயிற்சி பெற்ற வல்லுநர்கள் காரணம் காட்டிச் சொல்லும் கருத்தை மட்டுமே தனி அடிப்படையாகக் கொண்டு ஒரு குழந்தையைத் தகுதியுடையதாக அறிவிக்கலாம், ஆனால் சோதனை தகுதி என்று காட்டிய குழந்தையை அந்தக் கருத்தை வைத்து விலக்க முடியாது. வல்லுநர் கருத்து கதவைத் திறக்கலாம், மூட முடியாது. இந்த ஏற்பாட்டை உங்கள் விதியிலும் இதே திசையில், தெளிவான சொற்களில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அதோடு, மதிப்பெண்ணைத் தனி எண்ணாக அல்லாமல் அதன் பிழை வீச்சோடு சேர்த்து எழுதவும், அந்த வீச்சு வெட்டுப்புள்ளியைத் தொட்டாலே குழந்தைக்குச் சேவை தொடங்கவும் விதி வழிசெய்ய வேண்டும். குழந்தை ஒத்துழைக்காத அமர்வில் சுழிகளைக் கூட்டி மதிப்பெண் போடாமல், "இன்று மதிப்பிட இயலவில்லை" என்று பதிவுசெய்து வேறு நாளில், முடிந்தால் குழந்தையின் வீட்டிலேயே, பார்க்க அனுமதிக்க வேண்டும். கேட்புத்திறனைச் சோதிக்காமல் மொழி மதிப்பெண்ணைக் கணக்கில் கொள்ளக் கூடாது. இரண்டு மொழிகளில் வளரும் குழந்தைக்கு இரண்டிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்தே எண்ண வேண்டும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு இரண்டு வயது வரை திருத்திய வயதை, அதாவது பிறந்த நாளிலிருந்து அல்லாமல் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணும் வயதை, பயன்படுத்துவதைக் கட்டாயமாக்க வேண்டும். இதை இன்னும் மதிப்பிடுபவரின் விருப்பத்துக்கு விட்டுவைத்திருப்பது நியாயமில்லை.

எல்லையில் நிற்கும் குழந்தையை ஆறு மாதம் கழித்து வரச் சொல்லும்போது, அந்த ஆறு மாதமும் வெறுங்கையோடு அனுப்புகிறோம். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது அதன் வாழ்நாளில் நான்கில் ஒரு பங்கு. மறுமதிப்பீடு வரையிலான அந்தக் காலத்துக்குத் தற்காலிகச் சேவையும், பெற்றோருக்கு வீட்டில் செய்யத்தக்க பயிற்சியும் வழங்க விதியில் ஒரு பிரிவு வேண்டும். விதியைத் திருத்த நீங்கள் குழு அமைக்கும்போது, இந்தச் சோதனைகளை அன்றாடம் நடத்துபவர்களையும், தகுதி மறுக்கப்பட்ட குழந்தைகளின் பெற்றோரையும் அதில் உறுப்பினர்களாகச் சேர்க்குமாறு வேண்டுகிறேன். எந்தப் பிரிவு எந்தக் குழந்தையை வெளியே நிறுத்துகிறது என்பதை அவர்களால் கோப்பு கோப்பாக எடுத்துக் காட்ட முடியும்.

இப்படிக்கு,
குழந்தை வளர்ச்சி மதிப்பீட்டாளர் ஒருவர்