லினக்ஸ் பூட் ஆனால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னை ஐஐடி வடிவமைத்த சக்தி என்ற புராசஸர் சிப் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘இதில் லினக்ஸும் ஓடுகிறது’ என்று, விண்டோஸ் மாதிரியான அந்த இயங்குதளத்தைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இருபது வருஷமாக சர்வர் அறையில் குப்பை கொட்டுகிறவன் என்பதால் அந்த வரியைத் தாண்டிப்போக எனக்கு மனசு வரவில்லை.

2008 வாக்கில் நான் வேலை பார்த்த இடத்தில் இன்டெல்லின் இட்டானியம் சிப் போட்ட சர்வர் ஒன்று சும்மா கிடந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டேன், அன்றைக்கே பூட் ஆகி எழுந்துவிட்டது, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அப்புறம்தான் வேடிக்கை. சாதாரண பிசிகளில் இருக்கும் எக்ஸ்86 வகை சிப் போட்ட பெட்டியில் வருஷக்கணக்காக ஓடிய எங்கள் புரோகிராமை இந்த சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்றி, அதாவது கம்பைல் செய்து ஓட்டினால், லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுதும் லாக் முழுக்க ‘அன்அலைன்டு அக்சஸ்’ என்று ஒரே புலம்பல். எட்டு பைட் எண்ணை எட்டால் வகுபடாத மெமரி முகவரியிலிருந்து எடுப்பது மாதிரி விஷயம்தான் அது. அப்படி எடுத்தால் எக்ஸ்86 கண்டுகொள்ளாது. இட்டானியம் சண்டைக்கு வரும், கர்னல் நடுவில் புகுந்து சமாதானம் செய்வதற்குள் வேகம் படுத்துவிடும். தப்பு எங்கள் கோடில்தான். அதை ஒப்புக்கொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

அந்த இட்டானியம் 2001ல் எவ்வளவு ஆர்ப்பாட்டமாக வந்தது! லினக்ஸ் விற்கும் ரெட் ஹேட் நிறுவனம் தன் 6ஆம் பதிப்பிலேயே அதைக் கைகழுவியது, டெபியன் 2015ல், இன்டெல்லே 2021ல் அனுப்புவதை நிறுத்தியது, கடைசியில் 2024 ஜனவரியில் வந்த 6.7 கர்னலில் அதற்கான கோடையே எடுத்துவிட்டார்கள். மெஷினை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாற்றத்தையும் ஓட்டிப் பார்க்க ஆள் இல்லாமல் போனதுதான் விஷயம்.

சக்தி இப்போதைக்கு சர்வர் சிப் இல்லை, தெரியும். ஆனால் அது, யார் வேண்டுமானாலும் எடுத்து சிப் செய்யலாம் என்று திறந்துவிட்ட ரிஸ்க்-ஃபைவ் குடும்பம் என்பது பெரிய ஆறுதல். அந்தக் குடும்பத்தை டெபியன் 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பில்தான் முதல்முறையாக அதிகாரபூர்வமாகச் சேர்த்தது. அதற்கு முன்னால் பல வருஷம் தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் தொகுப்புகளை, ஒவ்வொன்றாக கம்பைல் செய்து, உடைந்ததை எல்லாம் ஒட்டவைத்திருக்கிறார்கள். நம் ஊரில் சர்வர் சிப் வருகிற நாளிலும் இதே வேலை காத்திருக்கும், ஆகவே விழா மேடையில் காட்டுகிற போர்டுகளில் பத்தையாவது திருச்சி, மதுரை, கோவை இன்ஜினீயரிங் கல்லூரிப் பிள்ளைகளிடம் கொடுத்து, எந்தெந்த மென்பொருள் அதில் ஓடாமல் உடைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள் என்று எழுதுங்களேன். அடுத்த முறை உங்கள் நிருபர் போகும்போது ‘பூட் ஆகிறதா’ என்று கேட்காமல், ‘எத்தனை பேக்கேஜ் இன்னும் கம்பைல் ஆகவில்லை, அதை யார் பார்க்கிறார்கள்’ என்று கேட்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு சர்வர்காரன், திருச்சி