கோயில்காட்டுக்குச் சிமெண்ட் வேண்டாம்

ஐயா,

திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி கோயில்காடு 2025இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது பற்றிய செய்தியைப் படித்து மகிழ்ந்தேன். செட்டிநாட்டுக்கு வருகிறவர்களுக்கு நாம் பெரிய வீடுகளை மட்டுமே காட்டுகிறோம். ஊர்க்கோடிக் கோயில்காடுகளில் அய்யனார் காவலில் நிற்கும் உசிலை, வீரை மரங்களையும்கூடக் காட்டலாம். ஆனால், வசதி என்ற பெயரில் அங்கே சிமெண்ட் போட்டுவிடக் கூடாது.

எங்கள் ஊர்க் காட்டில் ஒரு மாவிலங்கம் இருந்தது. மாசியில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு, பங்குனியில் வெள்ளைப் பூவாய் நிற்கும். உட்கார வசதியாக அடிமரத்தைச் சுற்றி மேடை கட்டினார்கள். மூன்றாம் வருடம் அது துளிர்க்கவே இல்லை. சருகு கிடக்கும் ஒற்றையடிப் பாதையே போதும். மரங்களின் பெயர் தெரிந்த ஊர்ப் பெரியவர் ஒருவரை ஊராட்சியே சம்பளம் கொடுத்து வழிகாட்டியாக வைக்கலாம்.

– ஒரு வாசகர், காரைக்குடி