புதுக்கடையில் கூட நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

வன்முறைக்கு ஆளானவர்களின் குடும்பங்களோடு கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் போய்வரும் எங்கள் எல்லோர் சார்பிலும் இந்த மடல்.

முதல் நன்றி, சாட்சிக் கூண்டில் ஏறிய வீட்டுப் பணியாளர்களுக்கும் காவலாளிகளுக்கும் ஓட்டோ சாரதிகளுக்கும். செல்வாக்குள்ள குடும்பம் வழக்கை உடைக்கத் தொடங்குவது ஆஸ்பத்திரி வாசலில். "பிள்ளை தெரியாமச் செய்திட்டான், செலவு முழுக்க நாங்க பாக்கிறம், பொலிசுக்கு ஏன் போறீங்கள்?" என்று பெரியவர் ஒருவர் வருவார். அடுத்து சாட்சியின் முதலாளியோடு பேசுவார்கள். வேலையும் தங்கும் அறையும் ஒரே முதலாளியின் கையில் இருப்பவருக்கு அதற்கு மேல் மிரட்டல் வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி, சாட்சியை அச்சுறுத்துவது தனிக் குற்றம். பாதுகாப்புக் கேட்க அதற்கென ஒரு தேசிய அதிகார சபையும் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளும் முன்பே பலர் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு நாங்கள் தலைவணங்குகிறோம்.

காயங்களைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் சட்ட வைத்திய அதிகாரிகளுக்கும் வார்டுத் தாதியருக்கும் நன்றி. காயத்தின் நீளம், ஆழம், இடம் மூன்றையும் அன்றே எழுதினால்தான் பிறகு "விழுந்து பட்டது" என்ற வாதம் நிற்காது. கன்றிய காயம் சில நாளில் நிறம் மாறி மறைந்துவிடும். எலும்பு முறிவு எக்ஸ்ரேயில் பதிவானால் சாதாரண காயம் கடுங்காயம் ஆகிவிடும், தண்டனையும் மாறும். இரத்தம் பட்ட சட்டையை ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்துத் தடயம் கெடும். காயவைத்துக் கடதாசிப் பையில் இட வேண்டும் என்று உறவினருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் இவர்களே. சீசீடீவி பழைய பதிவின் மேலேயே புதிதை எழுதுவதால், அன்றைக்கே பிரதி எடுத்துவைத்த கடைக்காரர்களையும் சேர்த்துக்கொள்கிறோம்.

தமிழில் சொன்னதைத் தமிழிலேயே பதிந்த பொலிஸ் உத்தியோகத்தர்களுக்குத் தனி நன்றி. இது சின்ன விடயமல்ல. சாட்சி "கத்தியால் வெட்டினான்" என்கிறார். சிங்களத்தில் "தாக்கினான்" என்று எழுதப்படுகிறது. வாசித்துக் காட்டாமலே கையொப்பம் வாங்கப்படுகிறது. ஆண்டுகள் கழித்து மேல் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த வாக்குமூலத்தை எடுத்து, "அன்று கத்தியைப் பற்றிச் சொல்லவேயில்லையே" என்று கேட்பார். பொய்யே சொல்லாத சாட்சி அங்கே முரண்படுகிறார். நல்ல வழக்குகள் பல சரிவது இந்த இடத்தில்தான். விளங்காத மொழியில் எழுதிய தாளில் யாரும் ஒப்பமிட வேண்டாம். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

தவணைக்குத் தவணை கட்டணமின்றி வந்த சட்டத்தரணிகளுக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவினருக்கும் நன்றி.

தீர்ப்புக்குப் பிறகும் காவலிருந்தவர்களை மறக்க முடியாது. 2005இல் ராஜகிரிய அடுக்குமாடியில் நடந்த கொலையில் மேல் நீதிமன்றம் குற்றவாளிக்கு 12 ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது மரண தண்டனையானது. 2019 நவம்பரில் ஜனாதிபதி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அதை எதிர்த்துப் பெண்கள் அமைப்பொன்று நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் சென்றது. 2024 ஜூனில் அந்த மன்னிப்பு செல்லாது என்று தீர்ப்பு வந்தபோது, விடுதலையானவர் நாட்டை விட்டே போயிருந்தார். அரசியல்வாதி பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர கொலை வழக்கில் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021இல் வழங்கிய மன்னிப்பும் 2024 ஜனவரியில் ரத்தானது. மனு கொடுத்தவர்களில் கொல்லப்பட்டவரின் மனைவியும் மகளும் இருந்தார்கள். அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரைப்படி, மரண தண்டனைக் கைதியை மன்னிக்குமுன் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கையும் சட்டமா அதிபரின் ஆலோசனையும் பெற வேண்டும். இப்படியான மன்னிப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு கொடுக்கக் கிடைப்பது ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் ஓடியவர்களுக்கு எங்கள் நன்றி ஆழமானது.

தவணை நாட்களில் சாட்சிகளோடு வாசலில் காத்திருக்கவும், சிங்கள ஆவணங்களைத் தமிழில் வாசித்துச் சொல்லவும் இன்னும் ஆட்கள் தேவை. காலை எட்டரைக்கு முன் புதுக்கடைக்கு வரக்கூடியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

நன்றியுடன்,
கூடச் செல்வோர்
கொழும்பு