சித்திரை வெயிலில் ‘மழை வரப்போகுது’: ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த சித்திரையில் ஒரு நண்பகல், நிலாவெளியிலிருந்து திருகோணமலை நகருக்கு வரும் பேருந்தில் என் பேரனை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அவனுக்கு ஆறு வயது; ஓட்டிசம் (autism) எனப்படும் மூளை வளர்ச்சி வேறுபாடு உள்ள பிள்ளை. உப்புவெளியை நெருங்கும்போது சாரதி பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். பேரன் என் கையை இறுகப் பிடித்து, “மழை வரப்போகுது, வீட்ட போவம்” என்றான். வெளியே தார் உருகும் வெயில். முன்னிருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் அதையே பத்துப் பன்னிரண்டு தடவை, ஒரே இராகத்தில், ஒவ்வொரு தடவையும் சற்று உரத்துச் சொன்னான். அதன்பின் தன் புறங்கையைக் கடிக்கத் தொடங்கினான். “ரெண்டு போட்டு வளர்த்திருந்தால் இப்பிடிச் செய்யுமோ?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இரண்டு தரிப்பிடங்களுக்கு இடையில் சொல்லி முடிக்கக்கூடிய பதிலாக அது இல்லாதபடியால், தங்கள் பத்திரிகையில் கொஞ்சம் இடம் கேட்டு எழுதுகிறேன்.

பேரனுக்கு நாலு வயதாக இருந்தபோது, ஐப்பசியில் நடந்த உறவினர் திருமணம் ஒன்றில், கெட்டிமேளம் முழங்கிய நேரம் அவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே புகுந்துவிட்டான். என் மகள் அவனைத் தூக்கிக்கொண்டு, வாசலில் நின்றவர்களுக்கு ஒரு சாட்டாக, “மழை வரப்போகுது, வீட்ட போவம்” என்று சொல்லியபடி வெளியேறினாள். வெளிக்காற்று பட்டதும் பிள்ளை அமைதியானான். அந்தச் சொற்களும் அந்த ஆறுதலும் அவனுக்குள் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. பிறகு மீன் சந்தையிலும், பத்திரகாளி அம்மன் கோயில் வீதியில் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றபோதும், பக்கத்து வீட்டில் ஓடு அறுக்கும் இயந்திரம் ஓடியபோதும் அவன் மழையைப் பற்றியே பேசினான். “சத்தம் தாங்க முடியவில்லை, என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள்” என்பதே அதன் பொருள் என்று கண்டுபிடிக்க, தமிழை முப்பத்தொரு வருடம் கற்பித்த எனக்கும் அவனைப் பெற்ற மகளுக்கும் ஏறக்குறைய நாலு மாதங்கள் சென்றன.

இவ்வாறு கேட்டதைக் கேட்டபடியே திருப்பிச் சொல்வதை எதிரொலிப் பேச்சு என்கிறார்கள். கேள்வி கேட்ட உடனேயே அதைத் திருப்பிச் சொல்லும் பிள்ளையும் உண்டு. என்றோ கேட்ட வசனத்தை மாதங்கள் கழித்து எடுத்து வைக்கும் பிள்ளையும் உண்டு. ஓட்டிசத்தை முதன்முதலில் விரிவாக எழுதிய மருத்துவர் லியோ கானர், 1943 இல் தாம் விவரித்த 11 பிள்ளைகளுள் எட்டுப் பேர் பேசினார்கள் என்றும் மூவர் பேசவில்லை என்றும் குறித்தார். ‘ஆம்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் கேள்வியையே அப்படியே திருப்பிச் சொல்வதையும் அப்போதே அவர் கவனித்திருந்தார். ஆயினும் நெடுங்காலம் இது பொருளற்ற கிளிப்பேச்சு என்றும் நிறுத்தப்பட வேண்டிய பழக்கம் என்றுமே கருதப்பட்டது. 1981 இல் பரி பிரிசன்ட், ஜூடித் டக்கன் என்ற இரு ஆய்வாளர்கள் பிள்ளைகளின் பேச்சை ஒளிப்பதிவு செய்து, ஒவ்வொரு எதிரொலியின்போதும் பிள்ளை எங்கே பார்க்கிறது, உடல் என்ன செய்கிறது, அடுத்து என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். ஒன்றைக் கேட்பதற்கும், ஆம் என்பதற்கும், பேச்சில் தன் முறையை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கும், மனதுக்குள் ஒத்திகை பார்ப்பதற்கும், தன்னைத்தானே அடக்கிக்கொள்வதற்கும் அது பயன்படுவதை எடுத்துக் காட்டினார்கள்.

தமிழில் இது எப்படி வரும் என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. என் பேரனுக்குத் தாகம் எடுத்தால் “தண்ணி வேணுமா?” என்பான். பசித்தால் “சாப்பிட்டியா?” என்பான். வந்திருக்கும் விருந்தினர் தங்களைத்தான் உபசரிக்கிறான் என்று மகிழ்ந்து “ஓம் ராசா, சாப்பிட்டன்” என்று பதில் சொல்லிவிடுவார்கள். பிள்ளை பசியோடு நிற்பான். நாம் அவனுக்கு உணவு தரும்போது நம் வாயிலிருந்து வரும் வசனம் அதுதானே. உணவு வரவேண்டுமானால் அந்த வசனம் வரவேண்டும் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். தன்மையும் முன்னிலையும் இடம் மாறுவதைக் கானரும் எழுதியிருக்கிறார். தமிழிலோ வினைமுற்றும் சேர்ந்து மாறிவிடுவதால், அவன் வாயில் முழு வசனமே நம்முடையதாகிவிடுகிறது. இதைத் திருத்துவதாக எண்ணி “அப்பிடிச் சொல்லாதே, எனக்குப் பசிக்குது எண்டு சொல்லு” என்றால், “எனக்குப் பசிக்குது எண்டு சொல்லு” என்பதும் அவனுக்கு ஒரு முழு வசனமாகிவிடும். பிள்ளை சொல்ல வேண்டியதை அவன் நிற்கும் இடத்திலிருந்து நாமே “பசிக்குது” என்று சுருக்கமாகச் சொல்லி, உடனே தட்டை வைத்து, அடுத்த முறை அவன் சொல்வதற்குச் சில விநாடிகள் வாய் மூடிக் காத்திருப்பதே எங்கள் வீட்டில் பலித்தது. காத்திருப்பது சுலபமில்லை, குறிப்பாக என் போன்ற ஆசிரியைகளுக்கு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன்னர் என் வகுப்பில், நான் கேட்ட கேள்வியையே எனக்குத் திருப்பிச் சொல்லும் ஒரு மாணவன் இருந்தான். “பெயர் என்ன?” என்றால் “பெயர் என்ன” என்பான். வகுப்பு சிரிக்கும். “வாய் காட்டாதே” என்று ஒரு நாள் அதட்டினேன். அவன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். அதையும் பரிகாசம் என்றே எடுத்து அவனை முழந்தாளில் நிறுத்தினேன். அவன் என் சொல்லுக்கு எழுத்துப் பிசகாமல் கீழ்ப்படிந்திருந்தான் என்பதை என் பேரன்தான், தெரியாமலே, எனக்கு விளக்கினான்.

இனி, கையைக் கடிப்பதற்கு வருகிறேன். பிள்ளையின் பேச்சும் நடத்தையும் வெவ்வேறு விடயங்கள் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். பேச்சுக்கு ஒரு சிகிச்சை, குழப்படிக்கு ஒரு பிரம்பு. பேருந்தில் நடந்ததை வரிசைப்படுத்திப் பாருங்கள். முதலில் அவன் கையைப் பிடித்தான், பிறகு வாயால் சொன்னான், பிறகு உரத்துச் சொன்னான், எவரும் அசையாதபோதுதான் கடித்தான். 1985 இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் ஆகிய உளவியலாளர்கள் வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு பிள்ளைகளுடன் செய்த ஆய்வு இதற்கு நேரடியாகப் பொருந்தும். வேலை கடினமானால் குழப்படி செய்யும் பிள்ளைக்கு உதவி கேட்கும் ஒரு வசனத்தையும், கவனிப்புக் குறைந்தால் குழப்படி செய்யும் பிள்ளைக்குக் கவனத்தை ஈர்க்கும் ஒரு வசனத்தையும் அவர்கள் கற்பித்தபோது குழப்படி குறைந்தது. தேவைக்குப் பொருந்தாத வசனத்தைக் கற்பித்தபோது குறையவில்லை. ஆகவே பிள்ளை எதற்காகச் செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரேயடியாகப் புதிதாகத் தொடங்கிய கடியோ தலைமோதலோ ஆயின், பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் போன்றவை உண்டா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலியைச் சொல்லச் சொல் இல்லாத பிள்ளை வேறு எப்படித்தான் சொல்லும்?

நாங்கள் காது பொத்திய ஒரு பிள்ளையின் படத்தைத் தீப்பெட்டி அளவு மட்டையில் வரைந்து, பேரனின் காற்சட்டைப் பையில் வைத்திருக்கிறோம். சத்தம் கூடினால் அதை எடுத்துத் தருவான். நாங்கள் எந்த வேலையில் நின்றாலும் உடனே வெளியே கூட்டிப் போவோம். அன்று பேருந்தில் அந்த மட்டை வேறு காற்சட்டையில் இருந்தது, அது என் பிழை. படத்தைப் பழக்கினால் பிள்ளைக்குப் பேச்சே வராது என்று எங்களிடம் சொன்னவர்கள் பலர், அவர்களுள் படித்தவர்களும் இருந்தார்கள். 2006 இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, கைச்சைகை, படம், கருவி ஆகியவற்றைப் பயன்படுத்திய வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களின் நம்பகமான 27 பதிவுகளைப் பரிசீலித்தது. ஒன்றில்கூடப் பேச்சுக் குறையவில்லை. பெரும்பாலானவற்றில் சிறிதளவேனும் கூடியிருந்தது.

மொழி பற்றியும் ஒரு தவறான ஆலோசனை சுற்றுகிறது. பிள்ளை குழம்பிவிடும், ஆகையால் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று ஒரு நிலையத்தில் என் மகளுக்குச் சொன்னார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைக் கேட்பதால் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் மொழி வளர்ச்சி கெடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தமிழும் சிங்களமும் ஒரே கடை வாசலில் கேட்கும் இந்த ஊரில், அம்மம்மாவுக்கு அரைகுறையாக வரும் ஆங்கிலத்தில் பிள்ளையோடு பேசினால், அவன் கேட்கும் பேச்சுத்தான் குறைந்துபோகும்.

உதவி தேடுவோர் படும் பாடு தனிக் கடிதத்துக்குரியது. இலங்கையின் அரை நகர்ப்புறப் பகுதி ஒன்றில் 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வு, 93 பேருக்கு ஒருவர் என்று ஓட்டிசத்தைக் கணக்கிட்டது. இந்தப் பிள்ளைகளின் பேச்சை மதிப்பிடுகிறவர் அவர்கள் பேசும் தமிழை அறிந்திருக்க வேண்டும். “வீட்ட போவம்” என்பதன் பேச்சு வழக்கை அறியாதவர், அதில் எது எதிரொலி, எது பிள்ளையின் சொந்தச் சொல் என்று பிரிக்க இயலாது. களனிப் பல்கலைக்கழகத்தில் பேச்சு, செவிப்புலனியலுக்கான பட்டப்படிப்பு 2008 இல் தொடங்கியது. ஆனால் தமிழில் பணியாற்றும் பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரைத் தேடி நாங்கள் இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் வந்த தடவைகளை மகள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். மாகாண சுகாதார, கல்வி அதிகாரிகள் தமிழ்மொழி மாணவர்களை இத்துறைக்கு ஊக்குவிப்பதும், அதுவரை முன்பள்ளி ஆசிரியைகளுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் சில நாள் பயிற்சியாவது அளிப்பதும் இயலாத காரியம் அல்ல. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கவே இயற்றப்பட்டது. எங்கள் பிள்ளையைச் சேர்க்க மறுத்த பாடசாலையில் அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டபோது, அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டார்கள்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடமும் இரண்டு வேண்டுகோள்கள். ‘ஓட்டிச நோயால் பீடிக்கப்பட்ட’ என்று செய்திகளில் எழுதுவதை விட்டுவிடுங்கள். அது நோயன்று, மூளை வளர்ச்சியின் ஒரு வேறுபாடு. ஓட்டிசத்துக்கு வழங்கும் ‘மதியிறுக்கம்’ என்ற கலைச்சொல்லும் எனக்கு உவப்பில்லை. என் பேரனின் மதியில் இறுக்கம் எதையும் நான் கண்டதில்லை. ஆனால் இது ஒரு தமிழாசிரியையின் தனிப்பட்ட முறைப்பாடு, விட்டுவிடலாம். விட முடியாதது விளம்பரம். மூன்று மாதத்தில் பேச வைப்போம், முற்றாகக் குணப்படுத்துவோம் என்று வரும் விளம்பரங்களை எந்தப் பத்திரிகையும் பிரசுரிக்கக் கூடாது. இதை நம்பி நகையை அடகு வைத்த தாய்மாரை நான் அறிவேன்.

எங்கள் வீட்டுப் படப்பலகையில் இப்போது 18 படங்கள் உள்ளன: தண்ணீர், இடியப்பம், சொதி, கழிப்பறை, கடற்கரை, கோட்டையில் மேயும் மான், போதும், நோகுது, சத்தம் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைக்குத் தேவையானவை. என் மருமகன் அவற்றை வரைந்து எங்கள் பேச்சுத் தமிழிலேயே பெயர் எழுதியிருக்கிறார். வேண்டிய பெற்றோருக்கும் முன்பள்ளிகளுக்கும் பிரதி எடுத்துக் கொடுக்க விரும்புகிறோம். தாங்கள் சம்மதித்தால் ஒரு தொகுதியைத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறேன். மழைக்குரிய படத்தை மட்டும் அதில் சேர்க்கவில்லை. பேரன் அதை வேறு பொருளில் பயன்படுத்துவான்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.