படத்தைப் பார்த்துச் சுவரை இடிக்கச் சொல்ல முடியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சொந்தக்காரர்கள் ஒரு யோசனை கேட்டால்கூட படித்தவர்கள் பிகு செய்துகொள்கிறார்கள், காசு எதிர்பார்க்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். வக்கீலும் டாக்டரும் ஆடிட்டரும் அவரவர் பதிலைச் சொல்லட்டும். நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர். தூணும் பீமும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுவது என் தொழில். சொந்தக்காரர்களிடம் நான் இதுவரை காசு கேட்டதில்லை, கேட்கப் போவதும் இல்லை. "சும்மா ஒரு வார்த்தை சொல்லு" என்று கேட்கிறார்களே, அதற்குத்தான் பயப்படுகிறேன்.

எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப் படங்கள். சுவரில் ஒரு கோடு, கீழே "இது பரவாயில்லையா?" பூச்சு காயும்போது விழுகிற மயிரிழை விரிசலும், அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்கியதால் விழுந்த விரிசலும் போன் திரையில் ஒரே மாதிரி தெரியலாம். கான்கிரீட்டில் 0.3 மில்லிமீட்டர் வரையிலான விரிசலைப் பொதுவாக வடிவமைப்பு விதிகளே அனுமதிக்கின்றன. அந்த அகலத்தைப் படத்தில் எப்படி அளப்பது? விரிசல் பூச்சோடு நிற்கிறதா, செங்கல் வரை போகிறதா? இன்னும் வளர்கிறதா? வளர்ச்சியைத் தெரிந்துகொள்ள ஒரு பழைய முறை உண்டு. விரிசலுக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவைத்துச் சில வாரம் பொறுத்திருக்க வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும். இது எதையும் செய்யாமல் "ஒன்றும் ஆகாது" என்று பதில் போட்டுவிட்டு என்னால் நிம்மதியாக இருக்க முடியாது.

என் அத்தை மகன் ஒருநாள் வீடியோ காலில் வந்தார். "ஹாலைப் பெரிசாக்கப் போறோம்மா. நடுவுல இந்த ஒத்தச் சுவர்தான் இடைஞ்சல். மேஸ்திரி நாளைக்கு வர்றாரு. எடுத்துடலாமில்ல?"

"மாடியில் அதுக்கு நேர் மேலே என்ன அத்தான் இருக்கு?"

"அங்கயும் ஒரு சுவர்."

"அதுக்கு மேல?"

"தண்ணித் தொட்டி."

தூண் போட்டுக் கட்டிய வீடா என்று கேட்டேன். அப்பா காலத்து வீடு, தெரியாது என்றார். 1,000 லிட்டர் தண்ணீரே ஒரு டன் எடை. அதோடு மாடிச் சுவர், இரண்டு தளங்கள், அவற்றின்மேல் நடமாடுகிற மனிதர்கள். தூண் இல்லாத வீட்டில் இந்த எடையெல்லாம் செங்கல் சுவர் வழியாகத்தான் மண்ணுக்கு இறங்கும். நான் சொல்லச் சொல்ல அத்தானுக்குக் கோபம். "ஒரு வார்த்தை கேட்டா இத்தனை கேள்வியா?"

மேஸ்திரியை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். மூலைகளில் பூச்சைக் கொத்திப் பார்த்தோம். தூண் எங்கேயும் இல்லை. ஒன்பது அங்குலச் சுவர்; தளத்தின் நடுப்பகுதி முழுக்க அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது. தளத்துக்கு முட்டுக் கொடுத்து, இரும்பு பீம் செருகி, அப்புறம்தான் கீழே திறப்பு விட முடியும். அதற்கு முறையான கணக்கும் வரைபடமும் வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொள்ளாமல் வேறொரு பொறியாளரிடம் அனுப்பிவைத்தேன். "இவ்வளவு பெரிய பீம் எதுக்கு, கொஞ்சம் குறைக்கலாமே" என்று அத்தை கேட்டால் அவர் தயங்காமல் முடியாது என்பார். அத்தை முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்வது எனக்குக் கஷ்டம், அதைத் தெரிந்தேதான் விலகினேன்.

காசு வாங்கவில்லை என்றால் பொறுப்பும் இல்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் கட்டடக் கலைஞர் ஒருவர் நண்பர்களின் தோட்ட வேலைக்குக் கட்டணம் வாங்காமல் உதவப்போய், கடைசியில் அந்த நண்பர்களே அவர்மேல் வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், எடுத்துச் செய்த வேலையைத் தொழிலுக்குரிய கவனத்தோடு செய்யும் கடமை அவருக்கு உண்டு என்று 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-ல், அவர் அந்தக் கடமையில் தவறவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. வழக்கில் ஜெயித்தார், சரி. அந்த நட்பு திரும்பி வருமா?

அதனால் இப்போது யார் கேட்டாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரிசல் என்றால் என்ன, பாரம் எப்படி இறங்குகிறது, மேஸ்திரியிடம் என்ன கேட்க வேண்டும், இதையெல்லாம் போனில் எவ்வளவு நேரமானாலும் விளக்குவேன். இடிக்கலாமா, மாடி எழுப்பலாமா என்பதற்கு மட்டும் பார்க்காமல் பதில் கிடையாது. கேட்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பாதி இடித்த பிறகு கேட்காதீர்கள், பழைய வரைபடம் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள், "தெரியாது, பார்க்க வேண்டும்" என்று நாங்கள் சொன்னால் அதைத் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவசரம் என்றால் இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. தளத்தின் அடியில் கம்பி துருவேறிக் கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது, விரிசல் நாளுக்கு நாள் அகலமாகிறது, நேற்று வரை ஒழுங்காக மூடிய கதவு திடீரென்று இறுகுகிறது (மழைக்காலத்தில் மரம் ஊதுவது வேறு) என்றால் நடுராத்திரி ஆனாலும் கூப்பிடுங்கள். எல்லோரும் அந்த அறையை விட்டு வெளியே வந்த பிறகு கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கட்டடப் பொறியாளர்