38 சதவீதத்தைப் பக்கம் பக்கமாகப் படி

அன்புள்ள தங்கைக்கு,

உன் எம்.எஸ்ஸி. நர்சிங் டிஸர்ட்டேஷனில் (ஆய்வேட்டில்) எவ்வளவு பகுதி மற்றவர்கள் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று சாஃப்ட்வேரில் போட்டு எடுத்த ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தாயே, அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன். "38 பர்சென்ட் வந்திருக்குக்கா, ரிஜிஸ்ட்ரேஷனையே கேன்சல் பண்ணிடுவாங்களாம்" என்று போனில் அழுதாயே, முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளில் ஆய்வேடுகளுக்கு நாலு படிகள் இருக்கின்றன. எம்.எஸ்ஸி. டிஸர்ட்டேஷனுக்கும் அவை பொருந்தும். ஒத்துப்போவது 10 சதவீதம் வரை என்றால் தண்டனை கிடையாது. 10-க்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மிகாத ஒரு கெடுவுக்குள் திருத்தி எழுதி மறுபடி கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை போனால் ஒரு வருஷத்துக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால்தான் பதிவு ரத்து. அந்த 38-ஐ அப்படியே ஒப்புக்கொண்டாலும்கூட உனக்கு வருவது திருத்தி எழுதும் வேலைதான். உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருந்தால் அதன் நகலையும் கேட்டு வாங்கு. காரிடாரில் யாரோ சொன்னதை விதி என்று நம்பி ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடக்காதே.

பெயர், ஊர், கல்லூரி எதுவும் இல்லாமல் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதலாம் என்று நீதான் சொன்னாய். டிஸர்ட்டேஷன் கொடுக்கும் சமயம் வந்தாலே உன்னைப் போல யாராவது ஒருத்தி ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்று அழுதுகொண்டிருக்கிறாள். அவளுக்கும் இது போய்ச் சேரட்டும்.

இனி அந்த 38-ஐப் பிரித்துப் பார்ப்போம். தெர்மாமீட்டர் 102 காட்டினால் காய்ச்சல் இருக்கிறது என்று தெரியும். டைஃபாய்டா, டெங்குவா என்று அது சொல்லாது. இந்த சாஃப்ட்வேரும் அப்படித்தான். இந்த வரி வேறொரு இடத்திலும் இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எடுத்துப் போட்டதா, எல்லோரும் அப்படியே எழுதியாக வேண்டிய வரியா என்பதை மனுஷர் ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் சொல்ல முடியும். உங்கள் ஹெச்.ஓ.டி. முதல் பக்கத்து எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, ஜூனியர் பிள்ளைகள் முன்னால் வைத்து உன்னைத் "திருடி" என்றார் பார், அது தப்பு. அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் தப்பு.

பால்கட்டு வந்த தாய்மார்களுக்குக் குளிரவைத்த முட்டைக்கோஸ் இலை வைத்தால் எவ்வளவு குறைகிறது என்பது உன் தலைப்பு. நம் நர்சிங் கல்லூரிகளில் இந்தத் தலைப்பில் ஏற்கெனவே நிறையப் பேர் செய்திருக்கிறார்கள். 'எ ஸ்டடி டு அசெஸ் தி எஃபெக்டிவ்னஸ் ஆஃப்' என்று தொடங்கும் தலைப்பு வரியே உன் ரிப்போர்ட்டில் சிவப்பாக, அதாவது வேறொரு இடத்திலும் இருக்கும் வரியாக, இருக்கிறது. சர்ட்டிஃபிகேட் பக்கம் சிவப்பு. நன்றியுரை சிவப்பு. பொருளடக்கம் சிவப்பு. ரெஃபரன்ஸ் பட்டியல் முழுக்கச் சிவப்பு. இவை எதுவும் கணக்கில் வந்திருக்கவே கூடாது. மூலத்தைச் சொல்லி மேற்கோளாகக் கொடுத்த பகுதி, நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள், சட்டங்கள், நிலையான குறியீடுகள், சமன்பாடுகள் எல்லாவற்றையும் விலக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று அதே 2018 விதிமுறை சொல்கிறது. பொதுவாகத் தெரிந்த செய்தியோ தற்செயலாக ஒத்துப்போகும் சொற்களோ தொடர்ந்து 14 சொல் வரை வந்தால் அதுவும் விலக்கு. உன் ரிப்போர்ட்டில் ஒரு ஃபில்டர்கூடப் போடவில்லை. அது அதிலேயே அச்சாகி இருக்கிறது. ஃபில்டர் போட்டு மறுபடி ஓட்டித் தரும்படி எழுத்தில் கேள்.

மூன்றாவது அத்தியாயத்துக்கு வா. ஹில், ஹ்யூமனிக் இருவரும் 1994-ல் வெளியிட்ட ஆறு புள்ளி அளவுகோலை வைத்துத்தான் பால்கட்டை அளந்திருக்கிறாய். 1 என்றால் மார்பு மென்மையாக இருக்கிறது, மாற்றம் இல்லை; 6 என்றால் மிகவும் கெட்டி, மிகவும் வலி. அதில் ஒரு சொல்லை மாற்றினாலும் அந்த அளவுகோல் அளவுகோலாக இருக்காது. அதை அப்படியே போட்டு மூலத்தைக் கொடுத்திருக்கிறாய். செய்ய வேண்டியதும் அதுதான். உன் ஆய்வுக்கு அடிப்படையாக வைத்த வீடன்பாக்கின் நர்சிங் கோட்பாட்டின் படிநிலைகளும் அப்படியே. பிற்சேர்க்கையில் இருக்கும் நர்சிங் டயக்னாசிஸ் வரிகள், அவற்றுக்கான பொதுச் சொற்களைத் தொகுத்துவைத்திருக்கும் நான்டா பட்டியலில் உள்ளபடி இருந்தால்தான் சரி. நம் தொழிலே ஒருவர் எழுதியதை அடுத்த ஷிஃப்டில் வருகிறவர் சந்தேகமில்லாமல் புரிந்துகொள்வதில்தான் நிற்கிறது. அதனால் நம் எழுத்தில் ஒரே மாதிரி வரிகள் மற்றத் துறைகளைவிட அதிகமாகவே வரும். இதை உன்னை விசாரிக்கப் போகும் கமிட்டியில் தைரியமாகச் சொல்.

ஆனால் முந்தைய ஆய்வுகளைப் படித்துத் தொகுத்துச் சொல்லும் இரண்டாவது அத்தியாயத்தை, அதாவது லிட்டரேச்சர் ரிவ்யூவைப் பற்றி நான் உனக்கு இதமாகப் பேசப் போவதில்லை.

அதில் ஐந்து பத்திகள் பழைய ஆய்வேடு ஒன்றிலிருந்து வரிக்கு வரி வந்திருக்கின்றன. பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய ஆய்வேடு அது. அதில் ஒரு ஆராய்ச்சியாளரின் பெயர் எழுத்துப்பிழையோடு இருக்கிறது. உன் அத்தியாயத்திலும் அதே பெயர், அதே பிழை. அவர் எழுதிய கட்டுரையை நீ திறந்தே பார்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனால் படித்ததாக எழுதியிருக்கிறாய். இது திருட்டுதான்மா. ஃபில்டர் போட்டாலும் இது போகாது, போகவும் கூடாது.

"எல்லாரும் இப்படித்தான் பண்றாங்கக்கா" என்றாய். வார்டில் காய்ச்சல், நாடி, சுவாசம் குறிக்கும் டி.பி.ஆர். சார்ட்டைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? முப்பது பேஷண்டுக்கும் சுவாசம் 20, 20, 20 என்று ஒரே கையெழுத்தில் ஓடும். யாரும் ஒரு நிமிஷம் நின்று நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணவில்லை. அதில் ஒருத்தருக்கு 32 இருந்தது ராத்திரி மூச்சு முட்டும்போதுதான் தெரியவரும். பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது சார்ட்டில் எப்படியோ, லிட்டரேச்சர் ரிவ்யூவிலும் அப்படித்தான். நீ எடுத்துப்போட்ட பத்திகளில் முட்டைக்கோஸ் இலையின் பலன் நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று ஒரு வரி இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட மதிப்பாய்வு, குளிர்ந்த இலை வலியையும் கெட்டியையும் குறைக்கலாம் என்றுதான் சொல்கிறது. அதற்கான சான்றின் உறுதி குறைவு என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஒருவர் மிகைப்படுத்தி எழுதியதை அடுத்தவர் எடுத்து, அவரிடமிருந்து நீ எடுத்து, உன்னிடமிருந்து நாளைக்கு இன்னொரு பிள்ளை எடுப்பாள். கடைசியில் அது ஒரு தாயின் மார்பில் போய் நிற்கும். நான் கோபப்படுவது இதற்காகத்தான்.

இதில் உன் பங்கு எவ்வளவு, மற்றவர்கள் பங்கு எவ்வளவு என்றும் எனக்குத் தெரியும். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். பி.எஸ்ஸி. முதல் வருஷம் சீனியரின் ரெக்கார்டு நோட்டைக் கையில் கொடுத்து, "இதைப் பார்த்து எழுதிட்டு வா" என்றார்கள். கேர் பிளான், டிரக் ஃபைல், கேஸ் ஸ்டடி எல்லாமே அப்படித்தான். பக்கம் நிரம்பியிருந்தால் கையெழுத்து விழும். எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. டிஸர்ட்டேஷனுக்கும் உன் கைடு பழைய தொகுதி ஒன்றை நீட்டி "இதே ஃபார்மட்ல பண்ணு" என்றுதான் சொன்னார். ஆராய்ச்சி ஒழுக்கம் பற்றி செமஸ்டருக்கு ஒரு முறை மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விழிப்புணர்வு வகுப்பு நடத்த வேண்டியது நிறுவனத்தின் கடமை என்று விதிமுறையில் இருக்கிறது. தன் மாணவரின் வேலையில் திருட்டு இல்லை என்று கைடு சான்று தர வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த வகுப்பு ஒரு தடவையாவது நடந்ததா? உன் கைடு இரண்டாவது அத்தியாயத்தைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரா? கமிட்டியில் இந்தக் கேள்விகளைக் கேட்க உனக்கு உரிமை உண்டு. பழியை அவர் மேல் தள்ளுவதற்காகக் கேட்காதே. நடந்தது நடந்தபடி பதிவாக வேண்டும் என்பதற்காகக் கேள். அடுத்த பேட்ச்சுக்காவது யாராவது சொல்லிக்கொடுப்பார்கள்.

உன் ரூம்மேட் சொன்ன அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போகாதே. பணம் கொடுத்தால் 38-ஐ 8 ஆக்கித் தருகிறேன் என்பவர்கள் செய்வதெல்லாம் சொல்லுக்குச் சொல் மாற்றும் ஒரு புரோகிராமில் போட்டு எடுப்பதுதான். பிரான்சைச் சேர்ந்த கபனாக் என்ற கணினி அறிஞரும் அவரோடு இரண்டு பேரும் 2021-ல் இப்படி மாற்றப்பட்ட சொற்கள் எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளில் கிடப்பதை வெளியே கொண்டுவந்தார்கள். 'பிரெஸ்ட் கேன்சர்' என்பது 'பூஸம் பெரில்' (மார்பு ஆபத்து) என்று ஆகியிருந்தது. உன் தலைப்பில் 'பிரெஸ்ட்' எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள். இப்போதைக்கு உன் மேல் இருப்பது திருத்திக்கொள்ளக்கூடிய ஒரு தவறு. அந்தக் கடைக்குப் போய் வந்தால் ஏமாற்றப் பார்த்தாள் என்று ஆகிவிடும்.

ரிப்போர்ட்டின் கடைசியில் இவ்வளவு ஏ.ஐ. எழுதியது என்று தனியாக ஒரு எண் போட்டிருக்கிறார்களே, அதற்கு நீ பயப்பட வேண்டியதில்லை. நீ அதைப் பயன்படுத்தவில்லை என்றாய், நான் நம்புகிறேன். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் டோஃபல் ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏ.ஐ. கண்டறியும் ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். 2023-ல் வந்த அந்த ஆய்வின்படி, சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை இயந்திரம் எழுதியது என்று அந்தக் கருவிகள் தவறாகச் சொல்லின. எளிய சொற்களும் ஒரே மாதிரி வாக்கியங்களும்தான் அவற்றைக் குழப்புகின்றன. நாம் எழுதும் ஆங்கிலமும் அப்படிப்பட்டதுதான். ஆஸ்திரேலியன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் இந்த ஏ.ஐ. கண்டறியும் வசதியையே நிறுத்திவிட்டது. அங்கே இப்படிக் குற்றம் சாட்டப்பட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களில் கடைசி வருஷ நர்சிங் மாணவி ஒருவரும் உண்டு.

கமிட்டிக்குப் போகும் முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குற்றச்சாட்டை எழுத்தில் கேள். எந்தப் பக்கம், எந்தப் பத்தி, எந்த மூலம் என்று அதில் இருக்க வேண்டும். புகார் வந்ததிலிருந்து 45 நாளுக்குள் துறை அளவிலான குழு விசாரித்து நிறுவன அளவிலான குழுவுக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும். அறிக்கையின் நகல் உனக்குக் கிடைக்க வேண்டும். குற்றம் சந்தேகமின்றி நிறுவப்பட்டு, மேல்முறையீட்டு வழிகள் எல்லாம் முடிந்து, உன் தரப்பைச் சொல்ல போதிய வாய்ப்பும் கொடுத்த பிறகுதான் தண்டனை என்று விதிமுறையில் தெளிவாகவே இருக்கிறது. அதனால் "மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துட்டுப் போ, பார்த்துக்கலாம்" என்று யாராவது வெள்ளைத் தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதே. உன் விளக்கக் கடிதத்தை நீயே எழுது. அந்த ஐந்து பத்திகளையும் பக்க எண்ணோடு சொல்லி, மூலம் குறிப்பிடாமல் எடுத்தது தவறு, மூலக் கட்டுரைகளைப் படித்துத் திருத்தி எழுதுகிறேன் என்று ஒப்புக்கொள். மற்றச் சிவப்புகளுக்கு ஒவ்வொன்றாகக் காரணம் சொல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, "தெரியாம நடந்துடுச்சு" என்று மட்டும் எழுதிவிடாதே. நீ செய்யாததற்கும் சேர்த்து உன் தலையில் கட்டிவிடுவார்கள்.

உன் ஆய்வில் கலந்துகொண்ட அறுபது தாய்மார்களின் ஃபைல் பெட்டியில் இருக்கிறதே, அதை மறக்காமல் எடுத்துப் போ. ஒப்புதல் படிவங்கள், எத்திக்ஸ் கமிட்டிக் கடிதம், மாஸ்டர் ஷீட், கைடுக்கு அனுப்பிய மெயில்கள், லேப்டாப்பில் உள்ள பழைய டிராஃப்ட் எல்லாம் வேண்டும். நீ அனுப்பிய போட்டோவில் ஒரு டேட்டா ஷீட்டைப் பார்த்தேன். கீழே கைநாட்டு. ஓரத்தில் பென்சிலால், "குழந்தை என்.ஐ.சி.யூ.வில், பீய்ச்சிக் கொடுக்கிறார், இலை வைக்கும்போது அழுதார், நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன்" என்று குறித்திருக்கிறாய். இதை நீ எந்த ஆய்வேட்டிலிருந்தும் எடுக்க முடியாது. நாலாவது அத்தியாயத்தின் எண்கள் இப்படிப்பட்ட தாள்களிலிருந்து வந்தவை. கண்டுபிடிப்புகளிலும் முடிவுரையிலும் ஒத்துப்போவதே கூடாது என்பதுதான் விதிமுறையின் கண்டிப்பான பகுதி. அங்கே உன் பக்கங்கள் ஏறக்குறைய முழுக்க வெள்ளையாக இருக்கின்றன. அதைக் கமிட்டி முன்னால் விரித்துக் காட்டு. தலையைக் குனிந்துகொண்டு காட்டாதே.

இரண்டாவது அத்தியாயத்தை எழுதும் விதம் இதுதான்: மூலக் கட்டுரையைப் படி. லேப்டாப்பை மூடு. வார்டில் ஒரு அம்மாவிடம் சொல்வதுபோல, அதில் என்ன செய்தார்கள், எத்தனை பேரிடம், என்ன கிடைத்தது என்று தமிழில் வாய்விட்டுச் சொல். அதைப் போனில் பதிவு செய்துகொள். பிறகு அதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுது. இலக்கணம் தப்பினாலும் பரவாயில்லை, நான் பார்த்துத் தருகிறேன். கட்டுரை கிடைக்கவில்லை என்றால் தலைப்பை அனுப்பு, எங்கள் லைப்ரரியில் தேடிப் பார்க்கிறேன். அப்படியும் கிடைக்காததை ரிவ்யூவிலிருந்து எடுத்துவிடு. பத்துக் கட்டுரை குறைந்தாலும் படித்தவை மட்டும் இருக்கட்டும்.

வியாழக்கிழமை எனக்கு ஆஃப். ரிப்போர்ட்டைக் கலரில் பிரின்ட் எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிடு. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் எது எந்த மூலம் என்று தெரியாது. அந்த எழுத்துப்பிழை உள்ள பெயரிலிருந்து ஆரம்பிப்போம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றாய். இன்று ராத்திரி சொல்லிவிடு. நான் உன்னோடு இருக்கிறேன் என்றும் சேர்த்துச் சொல்.

அன்புடன்,
அக்கா